ஒத்தவை இரண்டில் ஒன்று

நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்துகொள்வதைப் பற்றி எல்லா மதத்தாருடைய நூல்களும் விரிவாகப் பேசியிருக்கின்றன. பெரிய நன்மைக்கும் சிறிய நன்மைக்கும் இடையே எதை விடுவது, எதைக் கொள்வது என்பதைப் பற்றியும் அறநூலார் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இரண்டும் நல்லவையாய், இரண்டும் ஏறக்குறையச் சமமாய், இரண்டில் ஒன்றுதான் கைக்கு வரும் என்ற நிலையில் மனிதனுடைய இச்சை எதைப் பற்றிக்கொண்டு ஒரு பக்கம் சாய்கிறது என்ற கேள்வி இருக்கிறதே, அது பார்வைக்கு அற்பமாய்த் தோன்றினாலும், இறைவன் இவ்வுலகை இப்படி ஏன் சிருஷ்டித்தான் என்ற கேள்வி வரைக்கும் நம்மை இழுத்துக்கொண்டு போகும் வலிமை உடையது. அதை ஆகாயத்தில் நிறுத்தி ஆராயாமல் கைக்கு எட்டும் ஒரு பொருளில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியார் செய்யும் மின்சாரக் கிட்டார்களில் லெஸ் பால் என்றும் எஸ்.ஜி. என்றும் இரண்டு மாதிரிகள் உண்டு. இவற்றில் எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் மனத்தை அலைக்கழித்துக்கொள்ளும் இளைஞர்களின் அவஸ்தையை நான் மரியாதையுடனேயே பார்க்கிறேன். பாக்தாதிலும் கார்டோவாவிலும் இருந்த பேரறிஞர்கள் தலையைக் கொடுத்த ஒரு பிரச்சினையின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது.

விஸ்கான்ஸின் மாகாணத்து வாக்கெஷா நகரில் 1915ஆம் ஆண்டு பிறந்த லெஸ் பால் என்ற வித்துவானின் பெயரைத் தாங்கி, மிச்சிகன் மாகாணத்துக் கலமசூவிலிருந்து 1952இல் முதல் மாதிரி வெளிவந்தது. மகோகனி மரத்தாலான கனத்த உடல். அதன்மேல் வளைவாகச் செதுக்கி ஒட்டிய மேப்பிள் பலகை. சேத் லவர் என்ற பொறியாளர், இரண்டு கம்பிச் சுருள்களை எதிரெதிராக இணைத்து, மின்சார இரைச்சலை அவை தமக்குள்ளேயே அழித்துக்கொள்ளும்படி அமைத்த ஹம்பக்கர் என்னும் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் கருவி) 1957இல் அதில் பொருத்தப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1961இல், கம்பெனியார் அந்த உடலை அடியோடு மாற்றினார்கள். மேப்பிள் பலகை நீங்கிற்று; உடல் மெலிந்தது; இரு தோள்களிலும் கொம்புபோல் கூர்ந்த வெட்டுகள் விழுந்தன. வியப்பு என்னவென்றால், இந்தப் புது வடிவமும் சில காலம் லெஸ் பால் என்ற பெயரிலேயே விற்பனையாயிற்று என்பதுதான். 1963க்குள் அந்தப் பெயர் அகன்று எஸ்.ஜி. என்ற பெயர் நிலைத்தது. 1968இல் பழைய வடிவம் பழைய பெயரோடு திரும்பி வந்தது. ஆகவே ஒன்றின் இடத்தை நிரப்புவதற்காகவே பிறந்த மற்றொன்று, நிரப்ப வந்த இடத்தின் உரிமையாளனோடு சேர்ந்து, இன்றுவரை ஒரே கடையில் அருகருகே தொங்கிக்கொண்டிருக்கிறது.

தந்தியின் நீளம் இரண்டிலும் 24¾ அங்குலம் என்றே சொல்வார்கள். பிக்கப் இரண்டு, ஒலியின் அளவுக்குக் குமிழ் இரண்டு, தொனிக்குக் குமிழ் இரண்டு, மூன்று நிலைகளில் நிற்கும் ஒரு விசை: இவையும் பொது. வேற்றுமைகளைத் தேடினால், லெஸ் பால் நான்கு கிலோவுக்கு மேலும் எடை நிற்கும், எஸ்.ஜி. அதைவிட ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருக்கும். முன்னதில் கழுத்து உடலோடு சேரும் இடம் 16ஆம் ஃபிரெட் (மெட்டு) அருகே, பின்னதில் அது 22ஆம் ஃபிரெட் வரைக்கும் விலகிப்போயிருப்பதால் உச்ச ஸ்தாயியில் விரல் தடையின்றி ஓடும். ஆனால் உடல் இலேசானதால், தோள்வாரில் மாட்டிக்கொண்டு கையை விட்டால் கழுத்து தரையை நோக்கிச் சரியும். நின்றுகொண்டே நெடுநேரம் வாசிக்க வேண்டியவருக்குத் தோள்வலி இருக்குமானால் அவர் இலேசானதை எடுத்துக்கொள்ளட்டும். அங்கே தத்துவத்துக்கு வேலை இல்லை. நான் பேச விரும்புவது, காரணங்கள் யாவும் சொல்லித் தீர்ந்த பின்னும் தராசு நடுவிலேயே நிற்கிறதே, அந்த இடத்தைப் பற்றி. அங்கே நிற்பவன் மேலும் மேலும் தாரதம்மியம் பார்த்துக்கொண்டே போவான். ஒரு பக்கத்தில் ஒரு புதிய குணத்தைக் கண்டால் மறுபக்கத்தில் அதற்கு ஈடான ஒரு குணம் உடனே கண்ணில் படும். அறிவு பெருகுமே தவிர முடிவு பிறக்காது.

கி.பி. 1095இல் முடிந்த தமது நூலொன்றில், தத்துவவாதிகளின் கொள்கைகளைக் கண்டிக்கப் புகுந்த இமாம் கஸ்ஸாலி, இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார். காலத்தின் கணங்கள் யாவும் ஒன்றுபோலிருக்க, ஒரு குறிப்பிட்ட கணத்தில் இறைவன் உலகைப் படைத்தான் என்றால் அந்தக் கணத்துக்கு என்ன விசேஷம் என்று எதிர்க்கட்சியார் கேட்டார்கள். விசேஷம் ஒன்றும் இல்லையென்றால் படைப்புக்கு ஆரம்பமே இல்லை, உலகம் அநாதி என்று ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தினார்கள். கஸ்ஸாலி கொடுத்த விடை துணிவானது. ஒன்றுபோன்ற இரண்டில் ஒன்றைப் பிரித்து எடுப்பதே இச்சையின் ஸ்வரூபம். பிரிப்பதற்கு வெளியிலிருந்து ஒரு காரணம் வேண்டுமென்றால் அறிவும் ஆற்றலுமே போதும், இச்சை என்ற ஒரு குணத்துக்கே பிரயோஜனம் இல்லை என்றார் அவர். பசித்தவன் முன் நிறத்திலும் அழகிலும் அண்மையிலும் வேற்றுமையற்ற இரண்டு பேரீச்சம் பழங்களை வையுங்கள், இரண்டையும் எடுக்க அவனுக்கு அனுமதி இல்லையென்று கொள்ளுங்கள். அவன் பட்டினி கிடந்து சாவானோ, ஒன்றை எடுத்து உண்பானோ? வான கோளத்தின் துருவங்களையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். உருண்டையின் மேற்பரப்பில் எல்லாப் புள்ளிகளும் சமமாயிருக்க, இரண்டு மட்டும் அசையாத துருவங்களாய் அமைந்ததற்கு, படைத்தவனுடைய சங்கல்பத்தைத் தவிர வேறு என்ன காரணம் காட்ட முடியும் என்பது அவர் வாதம்.

இதற்குக் கார்டோவா நகரத்து இப்னு ருஷ்து (1126–1198) எழுதிய மறுப்பு, எனக்கு மிகப் பிடித்த வாதங்களில் ஒன்று. பழத்தை எடுத்தவன் ஒன்றை மற்றொன்றைவிட மேலாகக் கொள்ளவே இல்லை என்றார் அவர். உண்பதை உண்ணாமையைவிட மேலாகக் கொண்டான். எந்தப் பழம் கைக்கு வந்ததோ அது மற்றதன் ஸ்தானத்தில் வந்ததே ஒழிய, போட்டியில் வென்று வந்ததன்று. உண்மையான தேர்வு ஏற்கெனவே நடந்துவிட்டது; பழங்களுக்கு இடையே தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை. லெஸ் பால் பிறந்த அதே 1915இல், ஆர்க்கன்ஸா மாகாணத்துக் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்த ஸிஸ்டர் ரோஸெட்டா தார்ப் என்ற அம்மையாரின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் இப்னு ருஷ்து சொன்னதன் உண்மை புலப்படும். வாத்தியங்களோடு ஆண்டவனைத் துதிக்கும் ஒரு கிறிஸ்தவ சபையில் சிறு பிராயம் முதல் கிட்டார் வாசித்து வளர்ந்தவர் அவர். 1938இல் நியூயார்க்கின் கேளிக்கை அரங்குகளிலும் பாடப் புகுந்தபோது, சபையைச் சார்ந்தோர் பலர் மனம் நொந்தார்கள். தேவாலயத்துக்கும் கேளிக்கை அரங்குக்கும் இடையே நின்ற அந்தத் தேர்வு, காரணங்களும் விளைவுகளும் நிறைந்த பெருந்தேர்வு. அதில் இரண்டு பக்கமும் சமம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1964ஆம் ஆண்டு மே மாதத்தில், மான்செஸ்டர் நகரத்துக் கைவிடப்பட்ட ரயில் நிலையமொன்றில், மழை பெய்து ஓய்ந்த பிளாட்பாரத்தில் மேலங்கியோடு நின்று, எஸ்.ஜி. வடிவத்து வெண்ணிறக் கிட்டாரை மாட்டிக்கொண்டு மழையைப் பற்றிய ஒரு பக்திப் பாடலை அவர் பாடினார். அந்நிகழ்ச்சியைப் பதிவு செய்த படத்தைப் பார்க்கும் எவருக்கும், கடவுளைப் பாடுவதா வேண்டாமா என்பதை அவர் எப்போதோ தீர்மானித்துவிட்டவர் என்பது தெரியும். அவர் கையில் எந்த மாதிரி இருந்தது என்பது அதற்குப் பின் வரும் செய்தி.

ஆயினும் இப்னு ருஷ்துவின் சமாதானம் பழத்துக்குப் பொருந்தும் அளவுக்குக் கிட்டாருக்குப் பொருந்தவில்லை. உண்ட பழம் மறைந்துவிடுகிறது. இரண்டில் எதை உண்டாலும் மறுநாள் உண்டவன் அதே மனிதன்தான். கிட்டாரோ கூடவே இருந்து மனிதனை மாற்றுகிறது.

மூன்றாவது வாதி ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ். 1715இலும் 1716இலும், தம் மரணம் வரைக்கும், ஸாமுவேல் கிளார்க் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரோடு அவர் நடத்திய கடித வாதத்தில், போதிய காரணமின்றிக் கடவுள்கூட ஒன்றைத் தேர்வதில்லை என்று சாதித்தார். முற்றிலும் ஒத்த இரண்டு பொருள்கள் உலகில் இல்லவே இல்லை என்றார். ஹெரன்ஹௌஸன் தோட்டத்தில், இளவரசியார் முன்னிலையில், ஒன்றுபோன்ற இரண்டு இலைகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பிய கனவான் ஒருவர் தோட்டமெல்லாம் தேடியும் தோற்றுப்போன கதையைச் சாட்சியாகக் காட்டினார். கலமசூத் தொழிற்சாலையும் அவருக்குச் சாட்சி சொல்லும். ஆரம்ப காலத்து ஹம்பக்கர்களின் சுருள்களைச் சுற்றிய இயந்திரங்களில், குறித்த எண்ணிக்கை வந்ததும் தானே நிற்கும் ஏற்பாடு இல்லாமையால், ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 5,000 சுற்று என்ற கணக்கு ஒன்றில் கூடியும் ஒன்றில் குறைந்தும் போயிற்று. காந்தங்களும் ஒரே தரமாய் அமையவில்லை. ஒரே நாளில் ஒரே கையால் செய்யப்பட்ட இரண்டு லெஸ் பால்களுக்கு இடையேகூட வேற்றுமை இருந்தது. நம் தார்க்கிகர்களின் பாஷையில் சொன்னால், மாதிரி என்பது ஜாதி. கடையில் தொங்குவது வியக்தி. ஜாதியையும் ஜாதியையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவன் எவராலும் வாசிக்க முடியாத இரண்டு பொருள்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இந்த அளவில் லைப்னிட்ஸுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் வேற்றுமை உண்டு என்று காட்டிவிட்டால் மேன்மை உண்டு என்று காட்டியதாகாது. ஒரு சுருளில் இருநூறு சுற்று கூடியிருப்பது அதைச் சிறந்ததாக்குமா, தாழ்ந்ததாக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. நாம் உணராத நுண்ணிய உணர்வுகள் நம்மை ஒரு பக்கம் சாய்க்கின்றன என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். இருக்கலாம், ஆனால் நான் அறியாமல் என்னைத் தள்ளியது எதுவோ, அது என் செயலுக்குக் காரணமாகுமே தவிர, நான் கொண்ட நியாயமாகாது.

என் எண்ணம் இதுதான்: ஒத்த இரண்டில் ஒன்றைக் கொள்வதற்கு உரிய நியாயம் கொள்வதற்கு முன் இல்லை; கொண்ட பின், அதோடு வாழ்ந்து, நாமே அதை உண்டாக்குகிறோம். எஸ்.ஜி.யில் கழுத்து உடலைவிட்டு வெளியே நெடுக நீண்டிருப்பதால், லெஸ் பாலில் பழகிய கை அதன்மேல் விழும்போது ஓரிரு ஃபிரெட் தள்ளி விழும் என்பதை இரண்டையும் வாசித்தவர்கள் அறிவார்கள். வாங்கிய நாளில் அந்தக் கைக்கு அந்த இடம் வேண்டும் என்ற நியாயம் எங்கும் இருக்கவில்லை. பல ஆண்டு அப்பியாசம் அதைத் தசையில் எழுதிற்று. இப்போது அவன் தன் கிட்டாரை விரும்புவதற்குக் காரணம் கேட்டால் உண்மையான காரணம் சொல்ல முடியும். இஷ்ட தெய்வ உபாசனையை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். முருகனை வழிபடுபவன் இராமனைக் குறைத்து அளந்து பார்த்துவிட்டு வந்தவன் அல்லன். பெரும்பாலும் அளக்கவே இல்லை. நாற்பது ஆண்டு அந்த நாமத்தைச் சொல்லிய பின், அந்த நாமத்தில் மற்றவர்க்குக் கேளாத பொருள் அவனுக்குக் கேட்கிறது.

தான் வாங்கியதை உயர்த்திப் பேசுவது மனித இயற்கைதானே, இதற்கு நியாயம் என்ற பெரிய பெயர் எதற்கு என்று ஆக்ஷேபிக்கலாம். ஆக்ஷேபம் பலமானதே. ஆனால் உயர்த்திப் பேசுவதும் பழகுவதும் ஒன்றல்ல; தான் கொண்டதை மெச்ச மற்றதைப் பழிக்க வேண்டியிருக்கிறவனுக்கு நியாயம் இன்னும் பிறக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். விட்டதை எண்ணி ஏங்குபவனுடைய நிலையும் அதுவே. அவன் ஏங்கும் அந்த மற்றொரு கிட்டாருக்கு ஒரு நாளும் தந்தி அறுந்ததில்லை, சுருதி கலைந்ததில்லை. ஏனெனில் அது ஒரு நாளும் வாசிக்கப்பட்டதில்லை. வாழ்ந்த ஒன்றையும் வாழாத ஒன்றையும் ஒப்பிட எந்தத் தராசும் இல்லை.

கஸ்ஸாலி எழுப்பிய கேள்விக்கும் இந்த வழியில் ஒரு விடை தெரிகிறது. படைப்புக்கு முன் உள்ள கணங்களைத் துருவிப் பார்த்து, இந்தக் கணத்துக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்டால் விசேஷம் அகப்படாது. அவர் சொன்னபடி இச்சையே அங்கே எல்லை. ஆனால் சைவ சித்தாந்திகள் ஐந்தொழிலில் படைத்தலை முதலில் வைத்து அருளலை இறுதியில் வைத்து, முதல் தொழிலின் பயனை இறுதித் தொழிலில் காணச் சொன்னார்கள். உலகம் ஏன் இது என்பதற்கு நியாயம், உலகத்தோடு இறைவன் நடத்தும் நெடிய உறவில்தான் விளைய வேண்டும். படைத்த கணத்தில் அதைத் தேடுவது கிட்டாரை வாசிக்காமலே அதன் சிறப்பைத் தேடுவதாகும். இதை இமாம் ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் சார்ந்திருந்த அஷ்அரி மரபினர், இறைவனுடைய செயலுக்கு ஒரு பயனைக் கற்பிப்பது அவன் சுதந்திரத்துக்குக் குறைவு என்று கருதியவர்கள்; பயனை நாடுபவன் பயனில்லாமல் குறையுடையவனாவான் என்பது அவர்கள் வாதம். பிறர் பொருட்டு நாடும் பயன் நாடுகிறவனிடத்தில் குறையைக் காட்டாது என்று சித்தாந்தி விடை சொல்லுவான். அந்த விடையை நான் ஏற்கிறேன். இமாமிடமிருந்து என் வழி அங்கேதான் பிரிகிறது.