கள்ளாமையும் கைப்பேசி வணிகமும்

ஆதாயம் கருதித் தொடங்கும் உறவு மெய்யான உறவாக முடியுமா என்னும் வினா அறநூல்களுக்குப் பழையதே எனினும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் சிறுதொழில் செய்வோர் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், முகநூல் ஆகியவற்றின் வழியாக வாடிக்கையாளரைத் தேடும் இக்காலத்தில் அது புதுக் கூர்மையுடன் எழுகிறது. அய்யங்கோவில்பட்டில் செய்த விநாயகர் சிலைக்கோ, சிறுவந்தாட்டுத் தறியில் நெய்த பட்டுச் சேலைக்கோ, செய்தவரின் முகத்தையும் ஊரையும் அறியாத ஒருவர் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பிவிட முடிகிறது. இவ்விருவருக்கும் இடையே உண்டாவது என்ன வகை உறவு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முகம் காணாமை ஒரு குறையன்று என்பதில் தமிழ் மரபு தெளிவாக இருக்கிறது. ஓரிடத்தில் கூடியிருத்தலோ அடிக்கடி பழகுதலோ நட்புக்குத் தேவையில்லை, ஒத்த உணர்ச்சியே நட்பின் உரிமையைத் தரும் என்கிறது திருக்குறளின் 785ஆம் பாடல். அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், ஒருவரையொருவர் காணாமலே நண்பரான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்றாகக் காட்டுகிறார். ஆயினும் அதே நூல், வரும் பயனை எடைபோட்டுப் பார்க்கும் நட்பைக் கள்வரோடு ஒருசேர வைத்து 813ஆம் பாடலில் கடிகிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் வாடிக்கையாளரோடு கொள்ளும் கேண்மை எதுவும் நிற்காது. ஆனால் 120ஆம் பாடல், பிறர் பொருளையும் தம்முடையதைப் போலப் பேணிச் செய்வதே நல்ல வாணிகம் என்று வணிகருக்கு உரிய இடத்தைத் தந்துவிடுகிறது. ஆகவே வள்ளுவர் கடிவது ஆதாயத்தையன்று, அன்பின் தோற்றத்தை அணிந்துகொண்டு வரும் ஆதாயக் கணக்கையே என்று கொள்வதுதான் பொருத்தம். சேலை விற்கிறோம் என்று சொல்லிச் சேலை விற்பவர் இக்கடிதலுக்கு ஆளாவதில்லை; குடும்பத்தாரின் நலம் விசாரித்துக்கொண்டே கைப்பேசி எண்களைத் திரட்டுபவர் ஆளாகிறார்.

இந்த எல்லை எங்கே மீறப்படுகிறது என்பதை வள்ளுவரைவிட நுணுக்கமாக வகுத்தவர்கள் சமண அறநூலார். அந்நெறி இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் அண்மையில் உள்ள மேல்சித்தாமூரில்தான் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரரின் உருவங்களோடு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் காணப்படுகிறது. துறவிக்கு மகாவிரதம் எனப்படும் முழுநோன்பை விதிக்கும் சமணம், பொருளீட்டி வாழும் இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்னும் சிறுநோன்பை விதிக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் இயலில் ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதம் முற்றும் உடையாவிட்டாலும் அதைக் கறைப்படுத்தும் மீறல்களை, எண்ணிக் காட்டுகிறது. கள்ளாமை விரதத்தின் மீறல்களுள் அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தலும், பிரதிரூபக வியவகாரம் எனப்படும் போலியை மெய்யென விற்றலும் உள்ளன. வாய்மை விரதத்தின் மீறல்களுள் கூடலேகக்கிரியை, அதாவது பொய்யாக எழுதி ஆவணம் உண்டாக்குதல், இடம்பெறுகிறது.

இவற்றைக் கைப்பேசித் திரையின் முன் வைத்துப் பார்த்தால் அவற்றின் வலிமை விளங்கும். மெய்யான பட்டுச் சரிகையில் பட்டிழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியிருக்கும், சுரண்டினால் உள்ளே சிவந்த இழை தெரியும். போலிச் சரிகையிலோ செம்புக் கம்பியோ உலோகம் பூசிய பாலியெஸ்டரோ இருக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் வழங்கப்படும் சில்க் மார்க் முத்திரை பட்டின் தூய்மைக்கே சான்று தருவதால், சரிகையைப் பற்றி விற்பவரின் சொல்லே எஞ்சுகிறது. களிமண்ணும் காகிதக் கூழும் கொண்டு செய்த பிள்ளையாரும், நீரில் கரையாத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் வார்த்த பிள்ளையாரும் வண்ணம் பூசியபின் படத்தில் வேறுபடுவதில்லை. வாங்குபவர் சோதிக்க வழியற்றிருக்கும் இடத்தில்தான் விற்பவரின் விரதம் மெய்யாகவே சோதிக்கப்படுகிறது.

பொய் மதிப்புரைகளின் நிலையும் இதுவே. உறவினரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் இடுவிப்பதும், பின்தொடர்வோரை விலைக்கு வாங்குவதும் கூடலேகம் அன்றி வேறில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் இணையவழி மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது, அது வரவேற்கத்தக்கதே. எனினும் சட்டமும் தரநிலையும் வெளிப்பட்ட ஏமாற்றையே பிடிக்க முடியும். சமணமோ, மாயை எனப்படும் வஞ்சகத்தைச் சினம், செருக்கு, பேராசை ஆகியவற்றோடு சேர்த்து, உயிரைக் கறைப்படுத்தும் நான்கு கசாயங்களுள் ஒன்றாக வைக்கிறது. விலங்குப் பிறப்புக்கு வஞ்சகமே காரணம் என்றும் உமாசுவாதி கூறுகிறார். வாங்கியவர் போலியை அறியாமலே மகிழ்ந்து சேலையை உடுத்தினாலும், விற்றவரின் உயிரில் வினை வந்து படிந்துவிடுகிறது. பிடிபடாத ஏமாற்றையும் குற்றமாக்கும் இக்கருத்து, யாரும் யாரையும் நேரில் காணாத சந்தைக்கு மற்றெந்த அறக்கொள்கையையும்விட நெருக்கமாகப் பொருந்துகிறது.

வாய்மை விரதத்தின் மீறல்களுள் இன்னொன்று ரகோப்யாக்கியானம், அதாவது பிறர் மறைவாகச் சொன்னதையோ செய்ததையோ வெளிப்படுத்துதல். அதில் பொய்யே இல்லை என்பது கருதத்தக்கது. ஒரு பெண் தன் மகளின் திருமணத்துக்குச் சேலை வாங்கிவிட்டு, மனம் நிறைந்து வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி, கூறைச் சேலையுடுத்திய மணமகளின் படத்தையும் அனுப்புகிறார். நெய்தவர் அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுநாள் தம் ஸ்டேட்டஸில் வைக்கிறார். பாராட்டு உண்மை, படம் உண்மை, சேலையும் தூயது. ஆனால் அவர் நெய்தவருக்கென்று மட்டும் அனுப்பிய ஒன்று, அவரைக் கேளாமலே ஊருக்குக் காட்டப்பட்டுவிட்டது. பல சிறுவணிகர் இதைப் பிழையென்றே எண்ணுவதில்லை. வைக்கலாமா என்று முன்னதாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பெண் பெரும்பாலும் மகிழ்ச்சியோடே இசைந்திருப்பார்.