தட்டு தனி, பில் பொது!

திருவாரூர் மாவட்டத்து கூத்தாநல்லூருக்கு ‘சின்ன சிங்கப்பூர்’ என்று செல்லப் பெயர். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் நிறைந்த ஊர். அங்கிருந்து நிஜ சிங்கப்பூருக்குப் போகிறவர் இரண்டு வகை கறி விருந்தைப் பார்த்துவிடுகிறார்.

முதலாவது, டெல்டா பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பரிமாறும் சஹன் சாப்பாடு. ஒரே தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும். சுற்றி உட்கார்ந்து மூன்று, நான்கு பேர் சாப்பிட வேண்டும். நல்ல துண்டு எது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதனாலேயே அதை எடுக்கக் கை கூசும். ‘நீங்க எடுத்துக்குங்க’ என்று பக்கத்து ஆள் பக்கம் தள்ளிவிடுவோம்.

இரண்டாவது, ஸ்டேக் ஹவுஸ். சிங்கப்பூரில் பிரிட்டிஷ்காரர்களிடம் சமையல் வேலை பார்த்த ஹைனான் சீனர்கள், துரைமார் சாப்பாடாக இருந்த ஸ்டேக்கை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஹலால் ஸ்டேக் கடைகளும் உண்டு. அவரவருக்கு ஒரு தட்டு, ஒரு கத்தி. எவ்வளவு வேக வேண்டும் என்பதுகூட அவரவர் இஷ்டம்.

இதில் தப்பே இல்லை. சிக்கல், பில் வரும்போது. ஆறு நண்பர்கள். “சமமா பிரிச்சுக்கலாம்பா” என்கிறார் ஒருவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், பி.காம் முதல் வருஷப் பையன்கூடச் சொல்வான்: நான் 300 ரூபாய்க்குக் கூடுதலாக ஆர்டர் செய்தால், என் பையிலிருந்து போவது 50தான். மீதி 250 மற்ற ஐந்து பேர் தலையில்!

கற்பனை இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகர உணவகம் ஒன்றில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2004-ல் வெளிவந்த ஆய்வு. அவரவர் பில்லை அவரவர் கட்டியபோது ஆளுக்குச் சராசரியாக 37 ஷெக்கேல். சமமாகப் பிரித்தபோது 51. வயிறு அதேதான். கணக்குதான் மாறியது.

இதில் அடிபடுபவர் யார்? மெனு கார்டின் வலது பக்க விலையைப் பார்த்துவிட்டு, ‘பசியில்லை, சூப் போதும்’ என்றவர். ஸ்டேக்குக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுச் சிரிப்பார். மறுத்தால் கஞ்சன் பட்டம் கிடைக்குமே!

சஹனில் தட்டு பொது, கணக்கு கிடையாது. இங்கே தட்டு தனி, கணக்கு மட்டும் பொது. பகிர்தல் என்று நாம் எதைச் சொல்கிறோம்? சாப்பாட்டையா, செலவையா?

அடுத்த முறை பில் வரும்போது தொகையைப் பார்க்குமுன் எதிரிலிருக்கும் தட்டுகளைப் பாருங்கள். சூப் கிண்ணத்துக்காரரை முந்திக்கொண்டு, “அவரவர் சாப்பிட்டதை அவரவர் கொடுத்திடலாம்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, நீங்கள் ஸ்டேக் சாப்பிட்டிருந்தால்.