அறிந்தவனின் கடன்

அறிவைத் தேடிக் கண்டதோடு அறிஞனின் கடமை முடிந்துவிடுகின்றதா? அன்றி, அவ்வறிவு யார் கையிற் போய்ச் சேர்கின்றது, எதற்குப் பயன்படுகின்றது என்பனவும் அவன் பொறுப்பா? இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதிலும், தம் வாழ்க்கையாலேயே அதற்கு விடை தேடிய ஒருவரை நோக்குவது பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவின் பௌதிக விஞ்ஞானி பிராங் ஒப்பன்ஹைமர் அத்தகையவர்.

1912ஆம் ஆண்டிற் பிறந்த இவர், அணுகுண்டை ஆக்கிய ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கிய றொபேட் ஒப்பன்ஹைமரின் இளைய சகோதரர். தாமும் அம்முயற்சியிற் பங்குகொண்டவர். 1945 யூலை 16ஆம் நாள் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் முதற் குண்டு பரிசோதிக்கப்பட்டபோது, தமையனாருடன் நின்று அதனைக் கண்டார். மூன்று வாரங்களில் ஹிரோஷிமாவும், மேலும் மூன்று நாட்களில் நாகசாக்கியும் அழிந்தன.

போருக்குப் பின்னர் அமெரிக்காவிற் சிந்தனையே குற்றமாகக் கருதப்பட்ட ஒரு காலம் வந்தது. 1930களின் பிற்பகுதியிற் பிராங்கும் அவர் மனைவியாரும் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகியிருந்தனர். 1947இல் ஒரு பத்திரிகை இதனை வெளியிட்டபோது அவர் மறுத்தார். அம்மறுப்பு உண்மைக்கு மாறானது. 1949 யூன் மாதம் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவின் முன் தம்மைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்டார். ஆயின், பிறர் பெயரைக் கூற மறுத்துவிட்டார். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வகித்த பதவி பறிபோயிற்று. வேறெங்கும் ஆராய்ச்சிப் பணி கிட்டாத நிலையில், கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்து ஏறக்குறையப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். 1957இல் அவ்வூர்ப் பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கினார். குறையற்ற மகானாக அவரை நாம் காட்ட வேண்டியதில்லை. அஞ்சியும் பின்பு அச்சத்தை வென்றும் வாழ்ந்த மனிதர் அவர்.

1969இல் அவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் எக்ஸ்புளோறற்றோறியம் என்னும் விஞ்ஞான நூதனசாலையைத் தொடங்கினார். 1915ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென எழுப்பப்பட்ட மண்டபமொன்றே அதன் இல்லம். அங்கு கண்ணாடிப் பெட்டிக்குள் அறிவு பூட்டி வைக்கப்படவில்லை. தொட்டும் இயக்கியும் பார்ப்பதற்கென்றே பொருள்கள் அமைக்கப்பட்டன. கனத்த ஊசல் ஒன்று தொங்கும். நூலிற் கட்டிய சிறு காந்தத்தால் அதனை வலிந்து இழுத்தால், காந்தம் கழன்றுவிடும். ஊசலின் அசைவுக்கு இயைய மெல்ல மெல்ல இழுத்தாலோ, அப்பெரும் பாரம் வீசி ஆடத் தொடங்கும். பரிவு என்னும் தத்துவத்தைச் சிறுவனொருவன் இவ்வாறு தன் கையாலேயே உணர்ந்துகொள்வான். விளக்கங் கூறுவோராகப் பாடசாலை மாணவரே அமர்த்தப்பட்டனர். கருவிகள் செய்யும் பட்டறையும் வருவோர் கண்முன்னேயே இயங்கிற்று. அவற்றைச் செய்யும் முறைகள், பிறரும் செய்துகொள்ளுமாறு நூல்களாக வெளியிடப்பட்டன.

குண்டு செய்த கைக்கு இது பிராயச்சித்தம் என்று சிலர் கூறக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். மாண்டவர்களின் கணக்கை எந்த நூதனசாலையாலும் தீர்க்கவியலாது. இதனிலும் வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. குண்டு செய்தோர் விஞ்ஞானம் அறியாதவரல்லரே! மிக நன்றாக அறிந்தவர்களே அதனைச் செய்தனர். அங்ஙனமாயின், ஊசலின் இயல்பை உணர்ந்த சிறுவன் நாளை அறத்தின் பக்கம் நிற்பான் என்பதற்கு என்ன உறுதி?

உறுதி எதுவுமில்லை. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அணுகுண்டு மக்களின் அறிவுக்கு எட்டாத இரகசியத்திலே உருவாயிற்று. அதன் செலவைத் தாங்கிய மக்களுக்கு அதனைப் பற்றி ஒரு சொற் சொல்லவும் வாய்ப்பிருக்கவில்லை. இத்தகைய இரகசியத்தைக் காவற்காரர் மட்டும் காப்பதில்லை. “இவை பெரியவர்களின் காரியம், நமக்கு விளங்கா” என்ற பணிவும் அதனைக் காக்கின்றது. ஒரு பொருளின் இயல்பைத் தானே சோதித்து அறிந்தவனிடம் அப்பணிவு சிறிது தளர்கின்றது. பிறர் சொல்லை அப்படியே ஏற்க அவன் தயங்குவான், காரணம் கேட்பான். நீதியான சமுதாயத்தை அமைக்க இது மட்டும் போதாது. ஆயினும், இதுவன்றி அது அமையாது.

1985 பெப்ரவரியில் இறக்கும் வரை அவர் அந்நிலையத்தின் பணிப்பாளராகவே இருந்தார். 2013இல் அது துறைமுகக் கரைக்கு இடம் மாறிற்று.

நிபுணரின் ஆட்சி இன்று மேலும் விரிந்துள்ளது. மருந்து, மின்சாரம், கணினி என வாழ்வின் ஒவ்வொரு துறையிலும், “மக்களுக்கு இது புரியாது” என்னும் குரல் கேட்கின்றது. அவ்வாறு கூறுவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மக்களுக்குப் புரியும் வண்ணம் நீங்கள் இதுவரை செய்தது யாது? அறிந்தவன் அறியாதவனுக்குப் பட்டிருக்கும் கடன் அது. அதனைக் கொடையென்று எண்ணுவது தவறு.