காலைப் பிடிக்கும் கை

"காலைப் பிடிச்சு காரியம் சாதிச்சான்" என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு இல்லை. 'காக்கா பிடிக்கிறான்' என்பதே 'கால் கை பிடிக்கிறான்' என்பதிலிருந்து மருவி வந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியோ தவறோ, கேட்டவுடன் நம்பிவிடுகிறோம். இன்னொருவர் காலைத் தொட்டு அமுக்கிவிடுவது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் நம் பேச்சில் அவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது.

இதே நாம்தான் நீண்ட விடுமுறை வந்தால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் வரிசை பிடித்து நின்று ஹட்யாய் போகிறோம். போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல தாய் மசாஜ் எங்க கிடைக்கும்?" பதில்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கடையில் கை நல்லா இருக்கும், இந்தக் கடையில் விலை குறைச்சல், அங்கே போ, அதுதான் ஒரிஜினல். இந்த 'நல்ல' என்ற சொல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரு மசாஜ் நல்லதா இல்லையா என்று சொல்ல, படுத்திருக்கிற உடம்பின் சாட்சி மட்டும் போதுமா?

முதலில் அந்த 'ஒரிஜினல்' விஷயத்தைப் பார்ப்போம். பாங்காக்கில் உள்ள வாட் போ கோயிலில் மன்னர் மூன்றாம் ராமா 1830களில் மருத்துவ அறிவைக் கல்லில் பொறித்து வைக்கச் செய்தார். உடம்பில் எங்கெங்கே அழுத்த வேண்டும் என்று காட்டும் மனித உருவங்கள் அங்கே உண்டு. உடலை முறுக்கி உட்கார்ந்திருக்கும் முனிவர் சிலைகளும் உண்டு. அந்தப் பயிற்சியின் பெயர் 'ருஸி தத்தொன்'. ருஸி என்பது நம் ரிஷிதான். உடம்பில் ஓடுவதாக அவர்கள் நம்பும் பத்து முக்கிய 'சென்' தடங்களில் மூன்றின் பெயர்கள் இத்தா, பிங்கலா, சுமனா. சித்தர் பாடல்கள் பக்கம் போனவர்களுக்கு இடகலை, பிங்கலை, சுழுமுனை நினைவுக்கு வந்துவிடும். அதே கோயிலில் 1955இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 2019இல் யுனெஸ்கோ 'நுவட் தாய்' கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு பெரிய மரபு. ஆனால் வெளியூர்ப் பயணிகூட வாட் போ பள்ளியில் 30 மணி நேர வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். சுவரில் மாட்டிய சான்றிதழ் கையைப் பற்றி அதிகம் சொல்லாது. யுனெஸ்கோவின் குறிப்பும் இந்தக் கலையின் வேரை அரண்மனையில் வைக்கவில்லை. வயலில் வேலை செய்து தசை பிடித்துக்கொண்டவர்கள் தேடிப்போன கிராமத்து வைத்தியர்களிடம்தான் வைக்கிறது. உழைத்த உடம்பு ஒன்றை உழைக்கும் உடம்பு இன்னொன்று கவனித்த இடத்தில்தான் இது பிறந்தது.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். புத்ராஜெயா வருவதற்கு முன் அந்த நிலம் பிராங் பெசார் போன்ற தோட்டங்களாக இருந்தது. அங்கிருந்து பெயர்த்து எடுக்கப்பட்ட குடும்பங்களில் பலர் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள். தோட்டம் என்றால் சுளுக்கு எடுக்கிற தாத்தா ஒருவர் இருப்பார். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வயிற்றைக் கட்டிவிடும் பாட்டி ஒருவர் இருப்பார். யாரும் அவர்களிடம் 'ஒரிஜினலா' என்று கேட்டதில்லை.

ஆனால் அந்தக் கைகளுக்கு என்ன மரியாதை கிடைத்தது? தமிழ்நாட்டில் முடி திருத்திய நாவிதர்கள்தான் பல ஊர்களில் வைத்தியமும் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 'மருத்துவர்' என்ற பெயரே அந்தச் சமூகத்துக்கு உண்டு. பிறந்த குழந்தையை முதலில் தொட்ட கை அவர்களுடையது. அந்தக் கையைத்தான் சாதி வரிசையில் கீழே தள்ளினோம். நம் உடம்பைத் தொடுகிறவர் நமக்குக் கீழே என்ற இந்தக் கணக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் மலாயாவுக்கு வந்தோம். இப்போது 'மசாஜ்' என்று சொன்னவுடன் நண்பர்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுகிறதே, அதுவும் அதே கணக்கின் மிச்சம்தான்.

தாய்லாந்திலும் கால் தாழ்ந்தது, தலை உயர்ந்தது. அங்கே யார் பக்கமும் காலை நீட்டி உட்காரக்கூடாது. அப்படியிருந்தும் பாரம்பரிய மசாஜ் வழக்கமாகக் காலிலிருந்துதான் தொடங்குகிறது. தொழில் கற்றவர்கள் குருவை வணங்குகிறார்கள். அதற்குப் பெயர் 'வாய் க்ரு'. அவர்கள் மூலகுருவாகக் கும்பிடுவது புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரை. சிந்தாமணியின் சீவகன் அல்ல, இவர் வேறு. பாலி நூல்கள் சொல்லும் கதைப்படி இவர் ஒரு கணிகைக்குப் பிறந்து, முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் வீசப்பட்ட குழந்தை. அந்த வழியாக வந்த இளவரசன் "உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டான். இருந்ததால் ஜீவகன் என்று பெயர். ஊர் குப்பையில் போட்ட ஒருவரைத்தான் இந்தத் தொழில் தன் தகப்பனாக வைத்திருக்கிறது. அதனால் அங்கே இந்த வேலைக்குச் சம்பளமும் மதிப்பும் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. தொடுகிறவர் தாழ்ந்தவர் அல்ல என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் ஒரு கதையாவது இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, "காசு கொடுக்கிறோம்ல, அப்புறம் என்ன?" இன்னொன்று அதற்கு நேர் எதிர்: காசுக்காகத் தொடுவது உண்மையான பரிவே இல்லை, வீட்டில் அம்மா தைலம் தேய்ப்பதுதான் பரிவு.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்க அதுதான் அழகாக இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண், ராத்திரி புருஷன் காலையும் மாமியார் காலையும் பிடித்துவிட்டாளே, அவளால் "இன்னிக்கு முடியல" என்று சொல்ல முடிந்ததா? அவள் காலை யார் பிடித்தார்கள்? அன்பின் பெயரில் நடப்பதெல்லாம் விருப்பத்தோடு நடப்பதில்லை. கூலி வாங்கும் வேலையில் குறைந்தது ஒரு மணி நேரம் முடிந்தால் எழுந்து போகலாம். ஆகவே காசு இதைக் கெடுத்துவிடவில்லை. காசு மட்டும் போதாது என்பதுதான் முதல் மறுப்புக்கான பதில். வேண்டாம் என்று சொல்ல முடிகிற கையிலிருந்து வந்தால்தான் அது நல்ல மசாஜ்.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் சயாமுக்குப் போவதற்கு வேறு அர்த்தம். 1942-43இல் ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஏராளமானவர்கள் திரும்பவில்லை. மறுக்க முடியாத உடம்பு என்றால் என்ன என்று அந்த நாட்டு மண்ணிலேயே கற்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று அதே நாட்டுக்கு உடம்பு வலி தீர்க்கப் போகிறோம். அங்கே இன்னொருவரின் மறுக்க முடியாமையை முதலில் கவனிக்க வேண்டியவர்களும் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலுக்குக் கடினமான சோதனை சியாங் மாய் பெண்கள் சிறை. விடுதலை நெருங்கும் கைதிகள் அங்கே பயிற்சி பெற்றுப் பயணிகளுக்கு மசாஜ் செய்கிறார்கள். சம்பாத்தியம் அவர்களுக்காகச் சேர்க்கப்படுகிறது. கைதியால் முழுமனதாக 'வேண்டாம்' சொல்ல முடியுமா? சந்தேகம்தான். ஆனால் அந்தக் கையில் தொழில் இல்லாமல் வெளியே வந்தால் அவளால் எதற்குத்தான் 'வேண்டாம்' சொல்ல முடியும்? வெளியே வந்த பெண்களுக்கு வேலை தர ஆளில்லாததைப் பார்த்து, அந்தச் சிறையின் இயக்குநராக இருந்தவரே 'லீலா' என்ற பெயரில் மசாஜ் கடைகள் தொடங்கினார். நான் போவதாக இருந்தால் சிறைக்கு அல்ல, அந்தக் கடைக்குப் போவேன். கை அதே கைதான். ஆனால் அங்கே அவள் வேலையை விட்டுப் போகலாம்.

இதை அறிந்துகொள்ளத் தத்துவம் படிக்க வேண்டாம், கடைக்குள் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். தொடங்கும் முன் எங்கே வலி, அறுவைச் சிகிச்சை ஏதும் நடந்ததா என்று கேட்கிறார்களா? ஓர் ஆளை முடித்தவுடன் அவருக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா, இல்லை மூச்சு வாங்க விடாமல் அடுத்த ஆளிடம் அனுப்புகிறார்களா? வாடிக்கையாளன் ஒருவன் அசிங்கமாகப் பேசினால் கடை யார் பக்கம் நிற்கிறது? டிப்ஸ் அவர் கைக்குப் போகிறதா, கல்லாவுக்கா?

இதற்கெல்லாம் எல்லை தாண்டவும் வேண்டாம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களைப் பார்க்கலாம். மால்களில் பளபளப்பான ஸ்பாக்கள் பெருகிய பிறகும் அவர்கள் தொழிலை விடவில்லை. பலர் சொந்தக் கடையில், தங்கள் நேரத்தில், தங்கள் விலைக்கு வேலை செய்கிறார்கள். வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று குரலையும் தோளையும் வைத்தே கணித்தாக வேண்டும். அவர்கள் நம்மீது வைக்கும் நம்பிக்கை நாம் அவர்கள்மீது வைப்பதைவிடப் பெரியது. அங்கே போய் ஐந்து வெள்ளிக்குப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் நல்ல மசாஜ் தேடித்தான் வந்திருப்பார்கள். விலையைக் கேளுங்கள், கொடுங்கள், காலைக் கழுவிவிட்டுப் படுங்கள். "வலிக்குதா?" என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எழுந்து வரும்போது, அவருக்குக் கை வலிக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை கேளுங்கள்.