மஞ்சப்பையை இறக்கு, தம்பி!

ஆட்டத்தை விட்டு நாலு மாசம் ஆகிறது என்கிறாய். நம்புகிறேன். ஒரு சீட்டைத் தொடவில்லை, ஒரு ரூபாய் கட்டவில்லை. நல்லது. ஆனால் பரணில் ஒரு மஞ்சப்பை இருக்கிறதே, அதை எப்போது இறக்கப் போகிறாய்?

அதில் இருப்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வங்கிக் கடிதங்கள், அடகு வைத்த இடத்திலிருந்து வந்த பதிவுத் தபால்கள். ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை. தபால்காரர் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாய், வாங்கினாய், பைக்குள் திணித்தாய். "ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்துடலாம்" என்றாய். நாலு மாசத்தில் எத்தனை ஞாயிறு வந்து போனது, எண்ணிப் பார்!

சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிடாதே. சோம்பேறி எவனும் விடியற்காலை மூன்று மணி வரை கண் எரிய எரிய கைப்பேசியில் பதின்மூன்று சீட்டை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். உன்னிடம் உழைப்பு இருந்தது, பொறுமை இருந்தது, தூக்கத்தை விரட்டும் வெறி இருந்தது. இப்போது உன் கையைக் கட்டிப்போட்டிருப்பது பயம். கவரைப் பிரித்தால் தொகை தெரியும், தொகை தெரிந்தால் நெஞ்சு அடைக்கும். அந்த அடைப்பிலிருந்து இன்று ஒருநாள் தப்புவதற்காக "நாளைக்கு" என்கிறாய்.

அந்த வார்த்தை உனக்குப் புதிதா? ஆடிய காலத்தில் "நாளைக்கு விட்டதைப் பிடிச்சிடலாம்" என்றாய். நிறுத்திய பிறகு "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறாய். அன்றும் நாளையின் மேல் பந்தயம் கட்டினாய், இன்றும் அதையேதான் செய்கிறாய். சீட்டு கையை விட்டுப் போயிற்று, பந்தயம் இன்னும் போகவில்லை. எதிரே உட்கார்ந்து ஆடுவது யார் தெரியுமா? வட்டி. அதற்குத் தூக்கம் கிடையாது, ஞாயிறு கிடையாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. கைப்பேசியில் அந்த ஆட்டங்கள் அடுத்தடுத்து நின்றன. உண்மையைச் சொன்னால், உங்களில் பலர் ஆட்டத்தை விடவில்லை, ஆட்டம்தான் உங்களை விட்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சட்டம் கதவைத்தான் சாத்தும். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தபோது, பாலக்காட்டுக்கு பஸ் ஏறிப் போய் டிக்கெட் வாங்கியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். சாத்திய கதவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு நீ என்ன செய்கிறாய் என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஜவுளிக்கடையில் விற்பனையாளர். அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு மஞ்சப்பை. ஒரு ஞாயிறு காலை அவர் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, பையை இறக்கிக் கூடத்தில் கொட்டிவிட்டார். இருபத்து மூன்று கவர்கள். "நான் பிரிக்கிறேன், நீங்க எழுதுங்க" என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். முதல் கவரைப் பிரிக்கும்போது கணவருக்குக் கை நடுங்கிற்றாம், பேனா இரண்டு முறை கீழே விழுந்ததாம். ஐந்தாவது கவருக்கு நடுக்கம் நின்றது. பத்தாவது கவர் வரும்போது, "இது அதே பார்ட்டிதான், மூணாவது தடவை அனுப்பியிருக்கான்" என்று சொல்லும் அளவுக்குத் தெளிந்துவிட்டார். இருபத்து மூன்று கவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் மொத்தம் ஆறே பேர்!

மனசுக்குள் அவர் வைத்திருந்த கணக்கு ஒன்பது லட்சம். நோட்டில் கூட்டிப் பார்த்தால் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத்தான் தெரியும், அதுவும் இன்னும் நீளமாக. ஆனால் இந்தக் கதையை இனிப்பாக முடிக்க நான் தயாரில்லை. ஒரு கவரில் இருந்த தேதி தாண்டிப் போயிருந்தது. மனைவியின் தோடு ஏலத்தில் போய்விட்டது. இன்னொரு கவர் சங்கிலியைப் பற்றியது, அதற்கு இன்னும் ஒன்பது நாள் மிச்சம். மறுநாள் வட்டியைக் கட்டி, கடனைப் புதுப்பித்து, சங்கிலியைக் காப்பாற்றினார்கள். தோட்டுக்கும் சங்கிலிக்கும் நடுவே இருந்தது சில ஞாயிற்றுக்கிழமைகள்தான், தம்பி!

"முதலில் மனசு முழுசாச் சரியாகட்டும், அப்புறம் எல்லாத்தையும் பார்க்கிறேன்" என்பாய். இந்தச் சாக்குக்குப் பதில் சொல்ல ஒரு பெரிய சூதாடியைக் கூப்பிடுகிறேன். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. 1865இல் கடன்காரர்கள் நெருக்க, ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் காசு கொடுக்காமலே வெளியிட்டுக்கொள்ளலாம். கழுத்துக்குக் கத்தி! ஆனாலும் மனிதர் தள்ளிப்போட்டார். அக்டோபர் பிறந்தபோது அந்த நாவலில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பிறகு அன்னா என்ற இளம்பெண்ணைச் சுருக்கெழுத்துக்கு வைத்துக்கொண்டு, வாயால் சொல்லிச் சொல்லி 26 நாளில் நாவலை முடித்தார். பதிப்பாளர் ஊரில் இல்லை. கைப்பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக் கெடுவைக் காப்பாற்றினார். அந்த நாவலின் பெயர் 'சூதாடி'.

கவனி, அப்போது அவர் திருந்தியிருக்கவில்லை. அன்னாவை மணந்த பிறகும் ஆடினார், தோற்றார், மனைவியின் நகைகளை அடகு வைத்தார். ஆட்டம் அவரை விட்டு நீங்கியது 1871இல். இடைப்பட்ட அந்த ஐந்து வருடத்தில் 'அசடன்' எழுதி முடித்திருந்தார். மனசு சரியாகட்டும் என்று பேனாவை மூடி வைத்திருந்தால் நமக்கு அந்தப் புத்தகம் கிடைத்திருக்காது.

தள்ளிப்போடும் வித்தையில் நீ கைதேர்ந்தவன். அதை வீணாக்காதே, திசையைத் திருப்பு! ஆடத் தோன்றும்போது சொல், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று. அந்த வேட்கை அலை மாதிரி ஏறும், உச்சிக்கு வரும், தீனி போடாவிட்டால் இறங்கும். அந்த நேரத்தில் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு டீக்கடை வரை நடந்துவிட்டு வா. பணம் அனுப்பும் செயலியின் தினசரி வரம்பைக் குறைத்துவை. ஆட்டத்துக்கு ஆயிரம் நாளை கொடு. கடனுக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் ஒரு நாளைகூடக் கொடுக்காதே.

உன்னைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இலேயே சூதாட்டத்தைக் குடியும் போதைமருந்தும் இருக்கும் வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது நோய் என்றால் வைத்தியமும் உண்டு. ராத்திரி தனியாக இருக்கும்போது வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் உதவி கேட்பதை விடியும்வரைகூடத் தள்ளிப்போடாதே. 14416க்கு அப்போதே கூப்பிடு. அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

எழுந்திரு. மொத்தக் கடனையும் இன்றைக்கே அடைக்கச் சொல்லவில்லை. எல்லாக் கவரையும் பிரிக்கச் சொல்லவில்லை. ஒன்று! மேலாக இருக்கும் ஒரே ஒரு கவர்! தேதியைப் பார், தொகையை எழுது, மனைவியைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டு. குரல் உடைந்தால் உடையட்டும்.

ஸ்டூல் வாசல் பக்கம் இருக்கிறது. பரணில் தூசி இருக்கும், துண்டைத் தலையில் கட்டிக்கொள். கத்தரிக்கோல் அடுப்படியில், பால் பாக்கெட் வெட்டுகிற இடத்தில்.