காணாத காட்சிக்குச் சாட்சி

கண் இமைக்கும் நேரத்தில் நிகழ்ந்து முடியும் ஒன்றைப் பத்து மடங்கு நீட்டிக் காட்டும்போது, நாம் மெய்யைக் கூடுதலாகக் காண்கிறோமா, அன்றி நிகழாத வேறொன்றைக் காண்கிறோமா? திரைப்படக் கலை பயிலும் மாணவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. ஸ்லோ மோஷன் என்று எல்லோரும் அழைக்கும் மெதுவியக்கக் காட்சியின் மீது அவர்களுக்குத் தீராத மோகம் உண்டு. கையிலோ காசு குறைவு. அந்தக் குறைவை எவ்வழியில் ஈடுசெய்கிறார்கள் என்பதில் நம் கேள்விக்கான விடையில் ஒரு பாதி அடங்கிக் கிடக்கிறது.

இதன் அடிப்படை எளிது. திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. எடுக்கும்போது நொடிக்கு 240 படங்கள் எடுத்து, அவற்றை 24 வீதம் ஓட்டினால் ஒரு நொடி பத்து நொடியாக விரியும். இதற்கென ஒரு கருவியை அமைத்து 1904இல் காப்புரிமை பெற்றவர், ஆஸ்திரிய நாட்டுப் பாதிரியாரும் இயற்பியல் அறிந்தவருமான ஆகஸ்ட் முஸ்கர். உரிமைக் கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்த அவரிடம் பணம் இல்லை, உரிமை காலாவதியாயிற்று. டிரெஸ்டன் நகர நிறுவனம் ஒன்று 1914இல் அத்தகைய கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மானியர் அதற்கு இட்ட பெயருக்குக் காலத்தின் உருப்பெருக்கி என்று பொருள். வறுமை இக்கலையின் பிறப்பிலேயே உடனிருந்தது என்க.

பிலிம் காலத்து மாணவன் தன் பணத்தைச் சுருளாகச் செலவிட்டான். 16 மில்லிமீட்டர் சுருள் 100 அடியில் 4000 படங்கள் அடங்கும். சாதாரண வேகத்தில் அது இரண்டே முக்கால் நிமிடம் வரும். போலெக்ஸ் காமிராவை அதன் உச்ச வேகமான 64இல் ஓட்டினாலோ ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆகவே எதை மெதுவாக்குவது என்று பலமுறை எண்ணிப் பார்த்த பின்னரே அவன் விசையை அழுத்தினான். இன்று சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிகள் பலவும் 240 படங்கள் எடுக்கின்றன. சுருளுக்கான செலவு இல்லை. எனினும் செலவு மறைந்துவிடவில்லை. அது வெளிச்சமாக உருமாறிக்கொண்டது. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால், வெளிச்சம் பத்து மடங்கு வேண்டும். அறைக்குள் இருக்கும் குழல்விளக்கும் கைகொடுக்காது. நம் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. நம் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை; 240 படங்கள் எடுக்கும் காமிராவோ அத்தனையையும் கண்டுவிடும், காட்சி துடிதுடிக்கும். எனவே ஏழை மாணவனுக்கு வாய்த்த விளக்கு கதிரவன் ஒன்றே. முற்பகல் வெயிலும் ஒரு மொட்டைமாடியும் கிடைத்தால் அவன் செல்வந்தன்.

அவ்வாறு மெய்யாக எடுத்த படங்களின் வலிமை பெரிது. பார்வை என்பது காலம் பிடிக்கும் செயல் என்பதை, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பம்பரத்தைக் கொண்டு விளக்கினார். பல நிறங்கள் தீட்டிய பம்பரம் விரைந்து சுழல்கையில், கண்ணுக்கு ஒரே நிறமாகக் கலந்து தோன்றுகிறது. இந்த இயலாமையால் ஓவியர்கள் நெடுங்காலம் பாயும் குதிரையை முன்கால் முன்னும் பின்கால் பின்னும் நீட்டிப் பறப்பதாகவே தீட்டி வந்தனர். 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த 12 காமிராக்கள் வேறு கதை சொல்லின. குதிரையின் நான்கு குளம்புகளும் நிலம் விட்டு எழுவது உண்மை. ஆனால் அப்போது கால்கள் நீண்டிருப்பதில்லை, வயிற்றின் கீழ் மடங்கியிருக்கின்றன.

வெயிலுக்குக் காத்திருக்க மனமில்லாதவருக்கு மலிவான வழி ஒன்று உண்டு. 24 படங்கள் எடுத்ததைக் கணிப்பொறியிடம் கொடுத்தால், அடுத்தடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, இடையில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து அதுவே வரைந்து நிரப்பும். பத்து மடங்கு நீட்டினால், பத்துப் படங்களுள் ஒன்பது எந்தக் காமிராவும் காணாதவை. இரண்டு கணங்களை மட்டும் கண்ட ஒருவர், இடைப்பட்ட ஒன்பதையும் கண்டதாகவே கூண்டில் நின்று சொன்னால் அந்தச் சாட்சியத்தை யார் ஏற்பார்? ஒரு பொருள் மற்றொன்றை மறைக்கும் இடத்தில்தான் இந்த ஊகம் பெரிதும் தவறும். முகத்தருகே கை செல்லும்போது விரல்கள் உருகிக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். கை பட்டதா இல்லையா என்பதே வழக்காக இருக்கும் இடமும் அதுவன்றோ!

திருமணப் படத்தில் மணப்பெண்ணின் முக்காடு காற்றில் அசைவதை இப்படி நீட்டினால் யாருக்கும் கேடில்லை. நடிகரையே மெல்ல அசையச் சொல்லிச் சிலர் சமாளிப்பதும் உண்டு. சிந்தும் தண்ணீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேளாமல் காட்டிக்கொடுத்துவிடும். அவை கதைகள், காண்போரும் கதையென்றே காண்கின்றனர். ஆவணப்படம் எடுக்கப் புறப்பட்டவர் நிலை அதுவன்று.

அவர் அத்தனை படங்களையும் மெய்யாகவே எடுத்திருந்தாலும் வேறொரு வினா எஞ்சும். யூஜின் கருசோ முதலிய மூவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தொடுகிறது. ஒருவர் மற்றொருவரைத் தாக்கும் காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், அவர் வேண்டுமென்றே செய்தார் என்று கருதுவது கூடுதலாக இருந்தது. எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது போன்ற மயக்கம் உண்டாவதே காரணம். உண்மை வேகத்தையும் சேர்த்துக் காட்டியபோது மயக்கம் குறைந்தது, முற்றும் நீங்கவில்லை. நிய்யத் இன்னதென்று சிறு வயதிலேயே கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இதன் கனம் விளங்கும். காமிரா கையைக் காட்டும். கையை ஏவிய எண்ணத்தைக் காட்டாது. காட்டுவதாகத் தோன்றச் செய்வது நாம் நீட்டிய நேரம்.

கால்பந்துக்காரர்கள் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். 2018இல் ஆட்ட விதிகளில் இடம்பெற்ற காணொளி நடுவர் முறையில், மோதல் எந்த இடத்தில் நிகழ்ந்தது, பந்து கையில் பட்டதா என்பன போன்ற செய்திகளுக்கே மெதுவியக்கம். மோதலின் கடுமையை அளக்க இயல்பான வேகத்தில்தான் பார்க்கவேண்டும். ஒரு விளையாட்டுக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை, தெருவில் நடந்த கைகலப்பை வெட்டி ஒட்டும் மாணவரிடம் எதிர்பார்ப்பது மிகையா? நம் கருத்தில் மிகையன்று. அந்தப் படத்தில் தோன்றுபவர் நடிகர் அல்லர். நாளை அதே தெருவில் நடந்து போகவேண்டியவர்.

ஒலியையும் இங்கே மறக்கலாகாது. மெதுவாக்கிய காட்சியின் ஒலி இழுபட்டுச் சிதைந்துவிடுவதால், பெரும்பாலும் அதை நீக்கிவிட்டு இசையைச் சேர்க்கிறார்கள். சோக இசையாயின் அடிபட்டவர் பக்கமும், முரசாயின் அடித்தவர் பக்கமும் காண்பவர் மனம் சாய்கிறது. அத்தகைய காட்சியை மெதுவாக்கியே தீரவேண்டுமென்றால், முதலில் ஒருமுறை உண்மை வேகத்தில், அதன் சொந்த ஒலியோடு ஓட்டிக் காட்டட்டும். பிறகு நீட்டும்போது, எத்தனை மடங்கு என்பதையும் இடைப்படங்கள் காமிரா கண்டவையா, கணிப்பொறி வரைந்தவையா என்பதையும் திரையின் ஓரத்தில் எழுதட்டும். இதற்குக் காசு செலவில்லை.