கணக்கு எவர்க்கு உரியது?

குடிநீர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது, நாளொன்றுக்கு எத்தனை குடம் வேண்டும், அதற்கு என்ன செலவாகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு செல்வோர் தீவகத்துக்கு வருவது புதிதன்று. முன்னர்த் தாளும் பேனாவும் கொண்டு வந்தனர். இன்று கையடக்கக் கணினியோடு வருகின்றனர். சரவணையிலும் நாரந்தனையிலும் கிணறுகள் பல உவராகிவிட்டதை அறிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. ஒரு மிடறு குடித்தாற் போதும். ஆயினும் குடித்தறிந்தவனின் சொல் எந்த வங்கியிலும் கடன் பெற்றுத் தருவதில்லை. அச்சொல் எண்ணாக வேண்டும். எண் அட்டவணையாக வேண்டும். அட்டவணை ஆங்கில அறிக்கையாகி மணிலாவுக்கோ வாஷிங்டனுக்கோ ஜெனீவாவுக்கோ போய்ச் சேர வேண்டும்.

இம்மாற்றத்தைச் செய்வோர் அந்நியர் அல்லர். பெரும்பாலும் நம்முடைய வகுப்புகளிலிருந்து எழுந்து சென்ற பிள்ளைகளே. ஒருவர் ஆய்வு உத்தியோகத்தர். வீடு வீடாகச் சென்று வினவித் தரவு சேர்ப்பவர். மற்றொருவர் நிதி உத்தியோகத்தர். ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்கிக் கோவையில் இடுபவர். சர்வதேச அபிவிருத்தி முகவரகங்களில் இப்பணி செய்பவர் எவருக்குக் கடமைப்பட்டவர்? சம்பளம் தருபவருக்கு என்பது ஒப்பந்தத்தின் விடை. அறத்தின் விடை அதுவேயாகுமா என்பதே நம்முன் உள்ள வினா.

முற்போக்காளர் சிலர் இதற்கு ஒரே சொல்லில் விடையிறுத்துவிடுவர். அவர்கள் ஏகாதிபத்தியத்தின் ஏவலாளர், அவ்வளவே. இவ்விடை கூறுவோருக்கு மாதந்தோறும் அரசாங்கச் சம்பளம் தவறாது வருகிறது என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். 1990இல் இராணுவம் தீவகத்துட் புகுந்தபோது ஊரோடு இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பிவந்து, கூரையிழந்த சுவர்களுக்கிடையே வாழ்வைத் தொடங்கிய குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெற்ற பெண், நிறுவனமொன்றில் வேலை கிடைத்ததும் போகாமல் என்ன செய்வாள்? அவளும் உழைப்பை விற்று வாழும் ஒருத்தியே. அவளை ஏளனம் செய்வது வர்க்க உணர்வின் அடையாளம் அன்று.

மேலும் இவ்வேலைக்கு அவளை ஆயத்தஞ் செய்தவர் நாமே. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி நகைச்சுவைக்காகப் பிறந்ததன்று. ஆங்கில ஆட்சியின் கீழ் கொழும்புக் கந்தோர்களிலும் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் பேரேடு எழுதியவர்களில் நம்மவர் பலர். அவர்கள் எழுதிய கணக்கு பிழையற்றது என்பதே அவர்களின் பெருமை. அக்கணக்கு எவருடைய இறப்பரை, எவருடைய வெள்ளீயத்தை, எவருக்கு அனுப்பிவைத்தது என்ற கேள்வி பேரேட்டின் எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை. கையெழுத்து அழகும் கூட்டற் சரியும் நேர்மையின் முழு வடிவமாகக் கொள்ளப்பட்டன. அந்த நேர்மையை நான் குறைத்து மதிக்கவில்லை; களவு செய்யாமை அரிய குணமே. ஆயினும் அது அறத்தின் ஒரு பாதி என்றே தோன்றுகிறது.

அறிக்கையொன்று எத்துணை வலிமையுடையது என்பதை இந்நாடு முன்பே கண்டிருக்கிறது. 1951இல் உலக வங்கியின் ஆய்வுக்குழு இலங்கைக்கு வந்தது. 1952இல் வெளியான அதன் அறிக்கை உணவு மானியத்தைக் குறைக்கும்படி ஆலோசனை கூறியது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. மக்கள் சுடப்பட்டு இறந்தனர். அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்த அறிக்கையே அனைத்துக்கும் காரணம் எனல் மிகை. கொரிய யுத்தகாலத்து ஏற்றுமதி விலைகள் வீழ்ந்தமை முதலிய காரணங்களும் இருந்தன. ஆனால் அறிக்கைக்குத் தரவு தந்தவர் எவரும் சோற்றுத் தட்டைப் பற்றித் தாம் எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டார்.

இத்தொழிலின் இயக்கத்தைச் சற்று நெருங்கி நோக்குவோம். நிதி தரும் நாடு தன் பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்; முகவரகம் அந்நாட்டுக்கு; கொழும்பு அலுவலகம் தலைமையகத்துக்கு; யாழ்ப்பாணக் கிளை கொழும்புக்கு; கள உத்தியோகத்தர் கிளைக்கு. ஏணியின் ஒவ்வொரு படியிலும் கணக்கு மேல்நோக்கியே ஏறுகிறது. ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடலாம் என்பதால், எவ்வளவு செலவாயிற்று என்பதே வெற்றியின் அளவாகிவிடுகிறது. பயிற்சி வகுப்புக்கு வந்தோர் தொகை எண்ணப்படும். வந்தவள் அன்றைய கூலியை இழந்தாளா என்பதற்குக் கட்டமில்லை. ஏணியின் அடியில் நிற்பவருக்குப் ‘பயனாளி’ என்று ஒரு பெயர் உண்டு. பயன் விளைந்ததா என்று அறியுமுன்பே சூட்டப்படும் பெயர் உலகில் இஃதொன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இரணைமடுவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2010ஆம் ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் சுகாதாரத் திட்டத்துக்குக் கடன் வழங்க இசைந்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் நிதியுதவியிற் பங்கு கொண்டது. குடாநாட்டு நிலத்தடி நீர் உவராவதும் மாசுறுவதும் மெய். தீவகத்துத் தாகமும் மெய். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது என்பது திட்டம். குளத்தைப் புனரமைத்து அதன் கொள்ளளவைப் பெருக்கினால் குடிநீருக்கும் வயலுக்கும் போதும் என்பது திட்டத்தின் கணக்கு.

கிளிநொச்சி விவசாயிகள் அக்கணக்கை ஏற்கவில்லை. சிறுபோகத்தில் வயல் முழுவதற்கும் நீர் போதாமல், பங்கு பிரித்து ஒரு பகுதியை மட்டும் விதைப்பது அவர்கள் வழக்கம். இருப்பதே போதாத குளத்தில் மிகுதி எங்கே என்று அவர்கள் கேட்டனர். பொறியியலாளர் பொய்யுரைத்தனர் என்று நான் கூறவில்லை. சராசரியின் இயல்பே இது. பல ஆண்டு மழையைக் கூட்டி வகுத்தால் வருவது சராசரி. உழவன் வாழ்வதோ ஒவ்வோர் ஆண்டாக. வரட்சி வந்த ஆண்டில், போன ஆண்டின் வெள்ளத்தை அவன் வயலுக்குப் பாய்ச்ச முடியாது. போருக்குப் பின் மீளக் குடியேறி, கடன்பட்டு விதைத்தவனுக்கு ஒரு போகம் தவறுவது என்பது ஓர் அட்டவணையில் ஒரு புள்ளி கீழிறங்குவது அன்று.

இங்கே நம்முடைய நிலை யாது? நாம் தாகமுற்ற பக்கத்தினர். தண்ணீர் பவுசருக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பவர். திட்டத்தின் கணக்கு சரியாக இருந்துவிடவேண்டும் என்று நம் உள்ளம் விரும்புவது இயல்பே. சுரண்டுவோன் எங்கோ தொலைவில் இருக்கிறான், நாம் சுரண்டப்படுவோர் என்ற எளிய படம் இவ்விடத்திற் பொருந்தவில்லை. ஒரு தமிழ் ஏழையின் குடத்துக்கும் மற்றொரு தமிழ் ஏழையின் வயலுக்கும் இடையே அறிக்கையொன்று நின்றது. அதை எழுதும் மேசையில் தீவகத்துப் பிள்ளை ஒருவர் இருந்திருப்பின், தம் தாயின் தாகத்தை மனத்திற்கொண்டு ‘மிகை உண்டு’ என்று எழுதுவதா, முகமறியா உழவனை எண்ணி ‘ஐயத்துக்குரியது’ என்று எழுதுவதா?

எதிர்ப்பு ஓயாதபோது திட்டம் மாற்றப்பட்டது. மருதங்கேணிப் பகுதியில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைப்பது என்று முடிவாயிற்று. அப்போது வடமராட்சி கிழக்கு மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். உப்புச் செறிந்த கழிவுநீர் தம் கடலுக்கு என்ன செய்யும் என்பது அவர்கள் கேள்வி. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்ல அந்நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. ஆழ்ந்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும்: விவசாயிகள் மறுத்துரைத்தமையாலேயே முதற்கணக்கு மீண்டும் எண்ணப்பட்டது. மறுத்துரைக்க அவர்களிடம் அமைப்பு இருந்தது. அறிக்கை யாரைப் பற்றியதோ அவர்கள் அதன் பொருளை அறிந்திருந்தனர். அமைப்பில்லாத இடங்களில் எத்தனை முதற்கணக்குகள் முடிந்த கணக்குகளாயினவோ!

‘நான் கூட்டிக் கழிப்பவன் மட்டுமே’ என்று சொல்லித் தப்ப முடியாது எனக் காட்டியவர் ஒருவர் உண்டு. கிரெனடாவிற் பிறந்த பொருளியலாளர் டேவிசன் புதூ சர்வதேச நாணய நிதியத்திற் பன்னிரண்டாண்டு பணியாற்றியபின் 1988இல் பதவி துறந்தார். நிதியத்தின் தலைவர் காம்டெசுவுக்கு நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட பகிரங்கக் கடிதம் ஒன்றை விடுத்தார். டிரினிடாட் டொபேகோ பற்றிய புள்ளிவிவரங்கள் திரிக்கப்பட்டன என்பது அவர் சாட்டிய குற்றங்களில் முதன்மையானது. அதற்கு மாறாக உள்ளிருந்தே அளவுகோலை மாற்ற முயன்றவரும் உளர். 1970களில் உலக வங்கியிற் பணியாற்றிய பாகிஸ்தானியர் மஹ்பூப் உல் ஹக், பின்னர் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தில் அமர்ந்து, அமர்த்தியா சென் முதலியோரின் துணையோடு 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை வெளியிட்டார். தலைக்குரிய வருமானத்தோடு ஆயுளும் கல்வியும் எண்ணப்படலாயின. இவ்விருவரில் எவர் செய்தது பெரிது என்று மாணவர் வாதிடலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. இருவரும் தம் எண் எவரைத் தொடுகிறது என்று பார்த்தனர் என்பதே எனக்குப் போதும்.

சண்டிலிப்பாயை வேராகக் கொண்ட அ. சிவானந்தனின் வழி வேறு. இலங்கையில் வங்கி முகாமையாளராய் இருந்த அவர் 1958 கலவரத்தின் பின் இலண்டன் சென்றார். இனவுறவு ஆய்வு நிறுவனத்தின் நூலகரானார். பெரும் அறக்கட்டளைகளின் பணத்தில் நடந்த அந்நிறுவனம் கறுப்பின மக்களைப் பற்றி ஆய்ந்தது. அவர்களுக்கு விடை சொல்லவில்லை. 1972இல் ஊழியர் கிளர்ந்தெழுந்தனர், உறுப்பினர் கூட்டத்தில் வாக்கு ஊழியர் பக்கம் விழுந்தது, ஆட்சிக்குழு விலகியது. பணமும் உடன் விலகியது. வசதியான கட்டடத்தை விட்டுச் சிறிய இடத்துக்குப் பெயர்ந்து, 1974இலிருந்து ‘இனமும் வர்க்கமும்’ என்ற பொருள்படும் பெயரோடு ஏட்டை நடத்தினர். 2018இல் மறையும்வரை சிவானந்தன் அப்பணியோடு பிணைந்தே இருந்தார். இதனை யாவரும் பின்பற்ற வேண்டும் என்பது வீண்பேச்சு. ஆனால் ஆய்வு எவரைப் பற்றியதோ அவருக்கே விடை சொல்ல வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று இனி எவரும் சொல்லுதல் இயலாது.

மணிமேகலை படிப்பிக்கும்போது ஒரு செய்தி என்னை உறுத்துவதுண்டு. நயினாதீவே மணிபல்லவம் என்பது நம் பகுதி மரபு. அறிஞர் அனைவரும் அதை ஏற்பதில்லை. அஃது எவ்வாறாயினும், அமுதசுரபியை ஏந்திய ஆபுத்திரன் பசித்தவரைத் தேடி அலைகிறான்; மழை பெய்து நாடு செழித்ததால் உண்பாரைக் காணாமல் வருந்துகிறான்; ஈற்றில் மணிபல்லவத்திற் தனித்துவிடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்விடுகிறான். பசிக்குச் சான்று கேட்கும் இடம் அக்கதையில் இல்லை. இன்றைய கொடையின் உழைப்பிற் பெரும்பகுதியோ தகுதியற்றவரை விலக்குவதிற் கழிகிறது. 2023இல் உலக வங்கியின் ஆதரவோடு தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டம் 22 குறிகாட்டிகளாற் குடும்பங்களை அளந்தது. மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் எழுந்தன. அளவே வேண்டாம் என்பார்க்கு ஒன்று நினைவூட்ட வேண்டும்: அதற்கு முன்னிருந்த சமுர்த்தியில் அரசியல்வாதியின் சிபாரிசே அளவுகோலாய் இருந்தது என்ற குறை நெடுங்காலம் கேட்டது. அளப்பது குற்றமன்று. அளக்கப்பட்டவர் அளவுகோலைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாமையே குற்றம்.

பார்க்க வைப்பது இயலாத செயலா? நம் கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கணக்கு வாசிக்கப்படுகிறது. எழுந்து கேள்வி கேட்கும் கிழவர் ஒருவர் எங்கும் இருக்கிறார். இராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் முதன்முறையாகப் பொது விசாரணை கூட்டியது. அரசாங்க வேலைகளின் சம்பளப் பதிவேடுகளும் பற்றுச்சீட்டுகளும் ஊரார் முன் உரக்க வாசிக்கப்பட்டன. கோவையில் ஒழுங்காக இருந்த கணக்கு, ஊரார் செவியில் விழுந்ததும் பொய்யாயிற்று. கணக்காய்வாளர் கண்ணுக்குத் தெரியாததை எழுத்தறியாக் கூலிப்பெண் கண்டுபிடித்தாள். அவளுக்குத்தான் யார் வேலை செய்தார், யார் செய்யவில்லை என்பது தெரியும். அவ்வியக்கம் வளர்ந்தே இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழிகோலியது.

இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. பொதுமக்களுக்குச் சேவையாற்றும் அரசு சார்பற்ற நிறுவனமொன்று வெளிநாட்டு அரசாங்கத்திடமோ சர்வதேச அமைப்பிடமோ கணிசமான நிதி பெறுமாயின், அச்சேவை பற்றிய தகவலைக் கேட்கும் உரிமை அச்சட்டத்தாற் குடிமகனுக்கு உண்டு. கோரிக்கையைத் தமிழில் எழுதலாம். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுள் தீர்மானிக்க வேண்டும். நம் ஊரில் என்ன அளந்தீர்கள், என்ன எழுதினீர்கள், எவ்வளவு எதற்குச் செலவிட்டீர்கள் என்று உயர்தர வகுப்பு மாணவரே ஒரு பக்கத்திற் கேட்டு எழுதிவிடலாம். தமிழ்ப் பாடத்திற் கடிதம் எழுதும் பயிற்சிக்கு இதனினும் நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை. அக்கடிதம் போய்ச் சேரும் மேசையில் அமர்ந்திருப்பவர், பெரும்பாலும், சில ஆண்டுகளுக்கு முன் அதே வாங்கில் இருந்த நம் மாணவராகவே இருப்பார்.